சத்தம் தாங்க முடியவில்லை, மெக்னீசியம் குறைந்ததாலா?

கேள்வி: டாக்டர், எனக்கு 38 வயது. ஏழெட்டு மாதமாகச் சத்தம் என்றாலே உடம்பு தூக்கிப் போடுகிறது. தட்டில் கரண்டி உரசுவது, நாற்காலியைத் தரையில் இழுப்பது, கதவை அறைந்து சாத்துவது, என் பிள்ளையே பக்கத்தில் நின்று கத்துவது, எல்லாமே காதுக்குள் குத்துகிறது. காது நன்றாகக் கேட்கிறது, மற்றவர்கள் கவனிக்காத சத்தம்கூட எனக்குக் கேட்கிறது. இடது இமை துடிக்கிறது, ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, தூக்கமும் சரியில்லை. இணையத்தில் தேடினால் மெக்னீசியம் குறைந்தால் இப்படி வரும் என்று போட்டிருந்தது. மெக்னீசியம் ஆக்சைடு 500 மில்லிகிராம் மாத்திரையைக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று மூன்று வாரமாகப் போடுகிறேன். கொஞ்சம் தேவலை போலத் தோன்றுகிறது, ஆனால் வயிறு இளகிப் போகிறது. நெஞ்செரிச்சலுக்காக இரண்டு வருடமாகத் தினமும் பான்டோப்ரசோல் எடுக்கிறேன், வேறு மருந்து எதுவும் இல்லை. இப்போதெல்லாம் வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்கக் காதில் இயர்பிளக் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டுக்காரர் "எல்லாம் உன் மனப்பிரமை" என்கிறார். இது மெக்னீசியம் குறைவுதானா? மாத்திரையைத் தொடரலாமா? காது போய்விடுமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்கள் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சத்தம் அதிகமாகப் படுகிறது என்பதற்காகக் காது போய்விடாது. தட்டுச் சத்தமும் நாற்காலிச் சத்தமும் உங்களுக்கு எவ்வளவு குத்தினாலும், அவை காதைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிய சத்தங்கள் இல்லை. நாங்கள் கேடு என்று கணக்கில் எடுப்பது 85 டெசிபலும் அதற்கு மேலும் உள்ள இரைச்சலில் தினமும் எட்டு மணி நேரம் என்று வருடக்கணக்கில் இருப்பதை, அல்லது வெடி, துப்பாக்கி மாதிரி ஒரே அடியில் வருவதை. சாதாரணப் பேச்சு 60 டெசிபல் பக்கம்தான் இருக்கும். வலிப்பது வேறு, கெடுவது வேறு. இந்த ஒன்றை நீங்கள் நம்பினால்தான் பின்னால் இயர்பிளக் பற்றி நான் சொல்லப்போவதை உங்களால் செய்யவே முடியும்.

மனப்பிரமையும் இல்லை. சாதாரண சத்தத்தைத் தாங்க முடியாமல் போவதற்கு ஹைப்பர்அக்யூசிஸ் என்று பெயர், அதை ஓரளவு அளந்தும் பார்க்கலாம். ஹெட்போன் மாட்டிவிட்டு ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவோம், "இதற்கு மேல் வேண்டாம்" என்று தோன்றும் இடத்தில் நீங்கள் கையைத் தூக்க வேண்டும். பெரும்பாலானோர் 100 டெசிபலை ஒட்டித்தான் கை தூக்குவார்கள். ஹைப்பர்அக்யூசிஸ் உள்ளவர்கள் 80, 70 என்று அதற்கு வெகு முன்பே தூக்கிவிடுவார்கள். இந்தப் பரிசோதனையை மெதுவாக, உங்களைத் திடுக்கிட வைக்காமல் செய்யச் சொல்லுங்கள், அவசரமாகச் செய்தால் அதுவே நாலு நாளைக்குத் தொந்தரவாக இருக்கும். கூடவே வழக்கமான கேட்கும் திறன் சோதனையும் (ஆடியோகிராம்) எடுக்க வேண்டும். "நன்றாகக் கேட்கிறது" என்று நீங்கள் எழுதியதை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உயர் அலைவரிசையில் கொஞ்சம் கேட்கும் திறன் குறைந்திருந்தால் பேச்சு சரியாகவே கேட்கும், இழப்பு இருப்பது வெளியே தெரியாது, அந்த அலைவரிசைச் சத்தம் மட்டும் ஓர் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று எகிறும். கரண்டியும் தட்டும் போடும் சத்தம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னும் இரண்டு உண்டு. எந்தச் சத்தம், யார் போடும் சத்தம் என்பதைப் பொறுத்து எரிச்சலும் கோபமும் வருவது மைசோஃபோனியா. பக்கத்தில் ஒருவர் மெல்லும் சத்தம், மூக்கை உறிஞ்சும் சத்தம், அது மெல்லியதாக இருந்தாலும் தாங்காது. உங்களுக்கு அப்படித் தெரியவில்லை, நீங்கள் சொல்லும் சத்தமெல்லாம் திடீரென்றோ கூர்மையாகவோ வருபவை. இன்னொன்று மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலியோடு வரும் சத்த ஒவ்வாமை. தலைவலி பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இல்லாததால் எழுதவில்லையா, கேட்காததால் எழுதவில்லையா என்று தெரியவில்லை, அதனால் கேட்கிறேன்: தலை ஒரு பக்கமாகத் துடிப்பது, குமட்டல், வெளிச்சம் கூசுவது, மாதவிடாயை ஒட்டி இதெல்லாம் கூடுவது உண்டா? இருந்தால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள், ஏனென்றால் வைத்தியத்தின் திசையே மாறிவிடும்.

சரி, மெக்னீசியத்துக்கு வருவோம்.

நீங்கள் இணையத்தில் படித்தது காற்றில் வந்த கதை இல்லை, அதற்கு அடிப்படை இருக்கிறது. உள்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் கேள்வி நரம்புக்குச் செய்தியைக் கொடுப்பது குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் வழியாக. மூளைக்குள்ளும் நரம்புகளைத் தூண்டிவிடும் முக்கியமான ஆள் இதே குளுட்டமேட்தான். அது போய் ஒட்டும் இடங்களில் ஒன்று என்.எம்.டி.ஏ. ஏற்பி. நரம்பு ஓய்வாக இருக்கும்போது அந்த ஏற்பியின் வாசலில் ஒரு மெக்னீசியம் அயனி உட்கார்ந்து வழியை அடைத்துக்கொண்டிருக்கும், போதுமான அளவு தூண்டுதல் வந்தால்தான் அது நகர்ந்து வழிவிடும். 1984-ல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டு சொன்னார்கள். அப்போது மெக்னீசியம் குறைந்தால் என்ன ஆகும்? அடைப்பு தளரும், சின்னத் தூண்டுதலுக்கே நரம்பு பொங்கும். எந்த நரம்பு என்று கணக்கில்லை, தசைக்குப் போவதும் பொங்கும், ஒலியைக் கையாளுவதும் பொங்கும்.

விலங்குகளில் இது கண்கூடாகவே தெரிந்தது. 1932-ல் எலிகளுக்கு மெக்னீசியம் நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தபோது அவை எதற்கெடுத்தாலும் மிரண்டன, வலிப்பு வந்து செத்தும் போயின. மெக்னீசியம் குறைந்த சுண்டெலிகளுக்குச் சத்தத்தாலேயே வலிப்பு வரவழைக்கலாம் என்பது பிற்பாடு ஆய்வகங்களில் வாடிக்கையான சோதனையாகவே ஆகிவிட்டது, வலிப்பு மருந்துகளைச் சோதிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். மெக்னீசியம் குறைவு பற்றி எழுதும் எவரும் சத்தத்தைச் சேர்த்து எழுதுவது இதனால்தான். மனிதர்களிலும், கடுமையான குறைவில், கை நடுக்கம், தசை இழுப்பு, எளிதில் திடுக்கிடுவது, வலிப்பு, இதயத்துடிப்பில் கோளாறு எல்லாம் வரும் என்பதில் சந்தேகம் இல்லை.

ஆனால் எலியில் கண்டதை அப்படியே உங்கள் தட்டுச் சத்தத்துக்குக் கொண்டுவர முடியாது. அந்த எலிகளுக்குக் கொடுத்த உணவில் மெக்னீசியமே கிட்டத்தட்டக் கிடையாது, அந்த நிலைமை வேறு. மனிதர்களின் காதையும் மெக்னீசியத்தையும் வைத்து நடந்ததில் நல்ல ஆய்வு என்றால் 1994-ல் இஸ்ரேலில் வெளிவந்ததைச் சொல்லலாம். 300 ராணுவப் பயிற்சி வீரர்கள், துப்பாக்கிச் சத்தத்தில் இரண்டு மாதப் பயிற்சி, ஒரு பாதிப்பேருக்குத் தினம் 167 மில்லிகிராம் மெக்னீசியம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலிப்பொடி. மெக்னீசியம் குடித்தவர்களுக்குச் சத்தத்தால் வரும் நிரந்தரக் கேள்வி இழப்பு குறைவாக இருந்தது. நல்ல சேதிதான், ஆனால் அது பெருஞ்சத்தத்திலிருந்து காதைக் காப்பது பற்றியது. சாதாரண சத்தம் குத்துவது பற்றியது இல்லை. 2011-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் காது இரைச்சல் உள்ளவர்களுக்குத் தினம் 532 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், இரைச்சலின் தொல்லை குறைந்ததாகச் சொன்னார்கள். ஆனால் போலி மருந்து வைத்து ஒப்பிடவில்லை, கலந்துகொண்டவர்களும் ஒரு கைப்பிடிப்பேர். காது இரைச்சல் என்பது கவனிப்பும் நம்பிக்கையும் கிடைத்தாலே ஓரளவு அடங்குகிற ஒன்று, அதனால் அந்த முடிவை வைத்து நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். மெக்னீசியம் கொடுத்து ஹைப்பர்அக்யூசிஸ் குணமானது என்று நம்பிச் சொல்லும்படியான ஆய்வு எதுவும் என் கைக்கு வந்ததில்லை. மாத்திரை டப்பாவில் எழுதியிருப்பது வேறாக இருக்கும், அது அவர்கள் பிழைப்பு.

மைக்ரேனில் மட்டும் மெக்னீசியத்துக்கு நல்ல மதிப்பு உண்டு. 1996-ல் ஜெர்மனியில் தினம் 600 மில்லிகிராம் வீதம் பன்னிரண்டு வாரம் கொடுத்ததில், கடைசி வாரங்களில் தலைவலி வரும் தடவைகள் ஏறத்தாழ 42 சதவீதம் குறைந்தன, போலி மருந்தில் 16 சதவீதம். தலைவலி குறைந்தால் அதோடு வரும் சத்த ஒவ்வாமையும் குறையும், அதனால்தான் மேலே அத்தனை கேள்வி கேட்டேன்.

இதெல்லாம் பொதுவான கதை. இனி உங்கள் கடிதம். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது: இரண்டு வருடமாகத் தினமும் பான்டோப்ரசோல். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால், "சாப்பாட்டில் கீரை, பருப்பு, கொட்டை வகைகள் சேர்த்துக்கொள்ளுங்கள், மெக்னீசியத்தை மறந்துவிட்டுக் காதைப் பாருங்கள்" என்று நாலு வரியில் பதிலை முடித்திருப்பேன். நன்றாகச் சாப்பிடுகிற, சிறுநீரகமும் குடலும் ஒழுங்காக இருக்கிற ஒருவருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் விழுவது அத்தனை சுலபம் இல்லை. உணவில் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். விழுகிறது என்றால் பெரும்பாலும் ஏதோ ஒன்று இழுத்துவிடுகிறது என்று அர்த்தம்: நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், நாள்பட்ட வயிற்றுப்போக்கு, கட்டுப்படாத சர்க்கரை நோய், அதிகக் குடி, சில புற்றுநோய் மருந்துகள். அந்தப் பட்டியலில்தான் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையறாவும் இருக்கிறது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011-ல் இந்த வகை அமில மாத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை கொடுத்தது. நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறையலாம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு என்று அதில் இருக்கிறது. அதைவிட முக்கியமானது அடுத்த வரி: அவர்கள் பார்த்தவர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு மெக்னீசியம் மாத்திரை மட்டும் கொடுத்துப் பலன் இல்லை, அமில மாத்திரையை நிறுத்திய பிறகுதான் அளவு ஏறியது. குடலில் மெக்னீசியத்தை உள்ளே இழுக்கும் பாதையே மந்தமாகிவிடுகிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தப் பாதை மந்தமாக இருக்கும்போது மேலிருந்து எத்தனை கொட்டினாலும் பாதி வழியோடு போய்விடும். அமில மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு ஒரு வாரம் போல ஆனதுமே மெக்னீசியம் சரியான அளவுக்கு வந்தது, மறுபடி ஆரம்பித்தவர்களுக்கு இரண்டு வாரம் போல ஆனதும் திரும்ப விழுந்தது.

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே பான்டோப்ரசோலை நிறுத்திவிடாதீர்கள். திடுதிப்பென்று நிறுத்தினால் வயிறு பழிவாங்குவது போல அமிலத்தை முன்னைவிட அதிகமாகச் சுரக்கும், நெஞ்செரிச்சல் தாங்காமல் நாலே நாளில் திரும்ப ஆரம்பித்துவிடுவீர்கள். அது உங்களுக்கு இன்னும் தேவைதானா, அளவைக் குறைக்கலாமா, வேறு வகை மருந்துக்கு மாறலாமா என்பதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வருடத்தில் யாராவது ஒருமுறையாவது "இதை எவ்வளவு நாள் எடுக்க வேண்டும்" என்று பேசியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். சிலருக்கு அது கட்டாயம் வேண்டும், உணவுக்குழாய்ப் புண், ரத்தக்கசிவு ஆபத்து என்று காரணம் இருக்கும். பலருக்கு ஆரம்பித்தது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

ரத்தப் பரிசோதனை எடுங்கள். மெக்னீசியத்தை மட்டும் தனியாகப் பார்க்காமல் கால்சியம், பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் மெக்னீசியம் கீழே போனால் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும், அப்போது தசைப் பிடிப்புக்கும் துடிப்புக்கும் அவையும் காரணமாகிவிடும். இரண்டு வருட அமில மாத்திரை என்பதால் வைட்டமின் பி12-ஐயும் பார்த்துவிடலாம், அதன் உறிஞ்சலையும் இந்த மாத்திரைகள் குறைக்கக்கூடும். ரத்தத்தில் மெக்னீசியம் சாதாரணமாக 1.7 முதல் 2.3 மில்லிகிராம் வரை (ஒரு டெசிலிட்டருக்கு) இருக்கும், பரிசோதனைக்கூடத்துக்குக் கூடம் சற்று மாறும். நீங்கள் ஏற்கெனவே மூன்று வாரமாக மாத்திரை போட்டுவிட்டதால் எண் கொஞ்சம் நன்றாகவே தெரியலாம், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. உடம்பில் மொத்தம் 25 கிராம் அளவுக்கு இருக்கும் மெக்னீசியத்தில் ரத்தத்தில் ஓடுவது ஒரு சதவீதம்கூட இல்லை, பாதிக்கு மேல் எலும்பில், மீதி தசையிலும் மற்ற திசுக்களிலும். அதனால் எண் குறைவாக வந்தால் குறைவு நிச்சயம், சரியாக வந்தால் குறைவே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இதைப் பிடித்துக்கொண்டுதான் "ரத்தத்தில் தெரியாது, ஆனால் உங்களுக்குக் குறைவு இருக்கிறது" என்று விற்பவர்கள் விற்கிறார்கள். அப்படிப் பார்த்தால் உலகத்தில் எல்லோருக்கும் எல்லாமே குறைவு என்று சொல்லிவிடலாம். எண் நடுவாக, கால்சியமும் பொட்டாசியமும் சரியாக இருந்தால் மெக்னீசியத்தை ஓரமாக வைத்துவிடலாம் என்பதுதான் என் கருத்து.

இமை துடிப்பதையும் கால் பிடிப்பதையும் மெக்னீசியத்துக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டீர்கள் என்று புரிகிறது. தனித்தனியாக இரண்டுமே பலமில்லாத சாட்சிகள். ஓர் இமை மட்டும் துடிப்பது முக்கால்வாசி நேரம் தூக்கமின்மை, களைப்பு, அதிகக் காபியால் வருவது. ராத்திரி கால் பிடிப்புக்கு மெக்னீசியம் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வும், வயதானவர்களுக்கு அதனால் சொல்லும்படியான பலன் கிடைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் முடித்தது. வாயைச் சுற்றி, விரல் நுனியில் மரத்துப்போவது, கை விரல்கள் தானாக உள்பக்கம் மடங்கி இறுகிக்கொள்வது, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம், இதில் ஏதாவது இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போது பரிசோதனைக்கு நாள் பார்க்காதீர்கள், அன்றைக்கே போய் ஒரு இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள்.

மாத்திரை விஷயம். உங்கள் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 500 மில்லிகிராம் மெக்னீசியம் ஆக்சைடு என்றால் அதில் உள்ள சுத்தமான மெக்னீசியம் சுமார் 300 மில்லிகிராம். நாளைக்கு இரண்டு என்றால் 600. வயது வந்த பெண்ணுக்கு உணவிலிருந்தும் எல்லாவற்றிலிருந்தும் சேர்த்துத் தேவையே தினம் 310 முதல் 320 மில்லிகிராம். மாத்திரையாக மட்டும் எடுப்பதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் மேல்வரம்பு 350, ஐரோப்பாவில் 250. நீங்கள் இரண்டையும் தாண்டிவிட்டீர்கள், வயிறு இளகுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆக்சைடு குடலில் சரியாக உறிஞ்சப்படாது, உள்ளேயே தங்கித் தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியேறும். வயிற்றுப்போக்கு நீண்டால் அதன் வழியாகவும் மெக்னீசியமும் பொட்டாசியமும் போகும், அதாவது ஏற்ற நினைத்து இறக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அதனால் இப்போதைக்கு நிறுத்துங்கள், ரத்தம் பார்த்த பிறகு தேவை என்று வந்தால் மருத்துவர் சொல்லும் வகையில், சொல்லும் அளவில் எடுக்கலாம். சிட்ரேட், கிளைசினேட் போன்றவை வயிற்றுக்கு ஓரளவு இணக்கமானவை, ஆனால் அவற்றின் அட்டையையும் இதே மாதிரி திருப்பிப் பார்க்க வேண்டும்: 500 மில்லிகிராம் கிளைசினேட்டில் சுத்த மெக்னீசியம் 70 மில்லிகிராம் போலத்தான் இருக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் இந்தப் பதிலைப் படித்துவிட்டுத் தாங்களாக மெக்னீசியம் ஆரம்பிக்கவே கூடாது, அவர்களுக்கு அது வெளியேறாமல் ரத்தத்தில் ஏறி இதயத்தையும் மூச்சையும் அமுக்கும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை வேலை செய்யாது.

"கொஞ்சம் தேவலை போல" என்று எழுதியதை நான் ஒதுக்கவில்லை. உண்மையிலேயே குறைவு இருந்து கொஞ்சம் ஏறியிருக்கலாம். மூன்று வாரத்தில் இரண்டு நல்ல தூக்கம் கிடைத்திருக்கலாம், தூக்கம் சரியானால் சத்தம் தாங்கும் சக்தி கூடும். காரணம் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியே நரம்பைத் தளர்த்தியிருக்கலாம். இதில் எது என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது, அதனால்தான் ரத்த எண்ணைக் கேட்கிறேன்.

அப்புறம் இயர்பிளக். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்பட வைத்தது இதுதான், மெக்னீசியம் இல்லை.

இருட்டறையில் வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்தால் சாதாரண வெளிச்சமே கண்ணைக் கூசும் இல்லையா, காதும் அப்படித்தான். உள்ளே வரும் ஒலி குறைந்தால் மூளை சும்மா இருக்காது, வருகிற கொஞ்சத்தைப் பெருக்கிப் பெருக்கிக் கேட்கத் தொடங்கும். 2003-ல் அமெரிக்காவில் நல்ல காதுள்ளவர்களையே எடுத்து இரண்டு வாரம் தொடர்ந்து இயர்பிளக் போட வைத்தார்கள், அதே ஆட்களுக்கு இன்னொரு சமயம் இரண்டு வாரம் காதோரம் மெல்லிய ஒலியை விடாமல் கொடுத்தார்கள். பிளக் போட்ட பிறகு முன்னைவிடச் சிறிய சத்தமே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது, மெல்லிய ஒலி கேட்ட பிறகு பெரிய சத்தத்தையும் கூடுதலாகத் தாங்கினார்கள். எந்தக் கோளாறும் இல்லாதவர்களுக்கே இரண்டு வாரத்தில் இப்படி என்றால், ஏற்கெனவே கூசும் காதை நாள் முழுக்க அடைத்துவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மெக்னீசியம் உங்கள் தொந்தரவைத் தொடங்கி வைத்ததா என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாள் அது குறையாமல் இருப்பதில் இயர்பிளக்குக்குப் பங்கு இருக்கிறது என்பதை ஓரளவு நிச்சயமாகச் சொல்வேன்.

அதற்காக நாளைக் காலையிலேயே பிடுங்கி எறிய வேண்டாம், அது ஒரு நாள் தாங்கும், மறுநாள் பயம் இரண்டு மடங்காகத் திரும்ப வரும். வீட்டில் ஓரளவு அமைதியான ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்து அப்போது மட்டும் கழற்றுங்கள். கழற்றும்போது அறை நிசப்தமாக இருக்கக் கூடாது, மெல்லியதாக ஏதாவது ஓர் ஒலி ஓடிக்கொண்டிருக்கட்டும்: மின்விசிறி, மழைச்சத்தப் பதிவு, வார்த்தை இல்லாத இசை, எதுவானாலும் சரி, அதன் மேல் குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும், அவ்வளவுதான் அளவு. ஹெட்போனில் வேண்டாம், அறையில் ஓடட்டும். பின்னால் இப்படி ஓர் ஒலி இருந்தால் கரண்டி விழும் சத்தம் நிசப்தத்திலிருந்து குதித்து வராது. அரை மணி நேரத்தில் ஆரம்பித்து, உடம்பு பழகியதும் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டிக்கொண்டே போங்கள். அவசரமே இல்லை, இது மாதக்கணக்கில் நடக்கிற வேலை.

தட்டுச் சத்தத்துக்கென்று ஒரு சின்ன வேலை சொல்கிறேன். நீங்களே ஒரு தட்டை எடுத்து மேசை மேல் மெதுவாக வையுங்கள், கரண்டியை அதன் மேல் வையுங்கள், எடுங்கள், மறுபடி வையுங்கள். நாமே உண்டாக்கும் சத்தத்தை மூளை முன்கூட்டியே எதிர்பார்த்து அடக்கி வாங்கிக்கொள்ளும், அதே சத்தத்தை அடுத்தவர் போட்டால்தான் திடுக்கிடும். சில நாள் கழித்துக் கொஞ்சம் வேகமாக வையுங்கள். அதற்கும் பழகியபின் வீட்டில் ஒருவரை, உங்களுக்குச் சொல்லிவிட்டு, வைக்கச் சொல்லுங்கள். கேலியாகத் தெரியும், ஆனால் எங்கள் ஒலிப் பயிற்சிகளில் பாதி இந்த மாதிரியானதுதான். துளையிடும் இயந்திரம், மேளதாளம், பெரிய ஒலிபெருக்கி பக்கத்தில் மட்டும் இயர்பிளக் போடுங்கள், அங்கே எல்லோருமே போட வேண்டும்.

வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை, இதை அவரிடம் காட்டுங்கள். ஐயா, இது பிரமை இல்லை, நரம்பு ஒலியைப் பெரிதாக வாங்கிக்கொள்ளும் ஒரு நிலைமை. நீங்கள் சொல்வதில் பாதி மட்டும் உண்மை, மனசு இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது, எப்படியென்றால் பயமும் பதற்றமும் கூடினால் சத்தம் இன்னும் பெரிதாகப் படும். "பிரமை" என்று சொல்வது அந்தப் பதற்றத்தைத்தான் கூட்டுகிறது. கதவை அறையாமல் சாத்துங்கள், மிக்சி போடுவதற்கு முன் ஒரு குரல் கொடுங்கள், போதும். அதே சமயம் வீடு முழுக்க எல்லோரும் நுனிக்காலில் நடக்கும்படி ஆக்கிவிடாதீர்கள், அது அவருக்கு நல்லது செய்வது போலத் தோன்றும், ஆனால் இயர்பிளக் செய்கிற அதே கெடுதலைத்தான் செய்யும்.

பயம் அதிகம் இருந்தால், சத்தம் வரும் இடம் என்று வெளியே போவதையே நிறுத்திவிட்டீர்கள் என்றால், அறிவுசார் நடத்தைச் சிகிச்சை தருகிற மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தயங்காதீர்கள். ஹைப்பர்அக்யூசிஸுக்கு ஒலிப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்கப்படும் சிகிச்சைகளில் அது ஒன்று. அங்கே அனுப்பினால் "பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள்" என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், அதனால் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

ஒரு காதில் மட்டும் இந்தத் தொந்தரவு, முகத்தின் ஒரு பக்கம் லேசாகத் தொங்குவது (காதுக்குள் ஒலியை அடக்கும் சின்னத் தசை ஒன்று முகநரம்பின் பொறுப்பில் இருக்கிறது), பெரிய சத்தம் கேட்டால் தலை சுற்றுவது, உங்கள் கண் அசைவோ இதயத்துடிப்போ உங்கள் காதுக்கே கேட்பது, திடீரென்று ஒரு காது மந்தமாவது, இதில் எது இருந்தாலும் மெக்னீசியம், பயிற்சி எதற்கும் காத்திராமல் காது மருத்துவரிடம் போங்கள். திடீர்க் காது மந்தத்துக்கு மட்டும் நாள் தள்ளவே கூடாது, முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பொது மருத்துவரைப் பார்க்கப் போகும்போது பான்டோப்ரசோல் அட்டையையும் மெக்னீசியம் டப்பாவையும் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயரைச் சொன்னால் அளவு தெரியாது. ரத்த எண் குறைவாக வந்து அமில மாத்திரையை மாற்றினார்கள் என்றால், இரண்டு மூன்று வாரம் கழித்து மெக்னீசியத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். எண் ஏறிய பிறகும் தட்டுச் சத்தம் அதே மாதிரி குத்தினால் ஏமாற வேண்டாம், காது பழகுவதற்கு அந்த எண்ணைவிட நாள் பிடிக்கும், இயர்பிளக் இல்லாத நேரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே இருங்கள். ஆடியோகிராமும் தாங்கும் அளவுச் சோதனையும் வந்ததும், தலைவலி பற்றிக் கேட்டேனே, அதற்கான பதிலையும் சேர்த்து மறுபடி எழுதுங்கள்.